சாஞ்ச மாப்பிள்ளை

யோகராஜின் வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கைதான் அடம்பிடித்தது. நெஞ்சுக்கு மேல் ஓர் அங்குலம்கூட ஏறமாட்டேன் என்று தொங்கியது.

சட்டையைக் கட்டிலில் விரித்துப் போட்டு, அதன்மேல் மல்லாக்கப் படுத்து, கையைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி உள்ளே விட்டான். கை போனது. ஆனால் இப்போது எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றுப் பக்கம் இருப்பதே இத்தனை வருடம் தெரியாத ஏதோ ஒரு சதை, நானும் இருக்கிறேன் என்று கத்தியது. கடைசியில் உருண்டு தரையில் விழுந்துதான் எழுந்தான். அதற்குப் பிறகு பொத்தான் போடுகிற வேலை பாக்கி இருந்தது.

மனைவி ஷாமிளா விடியும்போதே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டாள். ஒரு விதத்தில் அது நல்லதுதான். இருந்திருந்தால் என்ன ஆச்சு என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அவள் அண்ணன் ஏழுமலையின் காதுக்குப் போகும். ஏழுமலையின் காதுக்குப் போனால் பலாகொல்லைத் தோட்டத்து மூன்று லய வரிசை வீடுகளுக்கும் ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன மாதிரிதான்.

விஷயம் வேறொன்றுமில்லை. முப்பத்திரண்டு வயதில் யோகராஜ் நேற்றுத்தான் முதன்முதலாக ஜிம்முக்குப் போயிருந்தான்.

போனதற்குக் காரணம் போன வருடத் திருவிழா. பலாகொல்லை மாரியம்மன் வருடத்தில் ஒரு நாள் கோயிலை விட்டு வெளியே வருவாள். மூன்று லயத்தையும் பார்த்துவிட்டு, பாலத்தடி வளைவில் இறங்கி, ஆற்றங்கரை வரை போய்த் திரும்புவாள். சப்பரத்தைத் தோளில்தான் சுமக்க வேண்டும். சில்லு வைத்த வண்டிக்கெல்லாம் அம்மன் சம்மதிக்கமாட்டாள் என்பது ஐதீகம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். முன்கம்பில் இடப்பக்கம் ஏழுமலை. பதினைந்து வருடமாக அது அவருடைய இடம். தோட்டத்திலேயே பலசாலி அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வலப்பக்கத்துக்கு ஆள் பிடிப்பதும் ஏழுமலைதான். பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளைகளுக்குத்தான் அந்த மரியாதை கிடைக்கும். யோகராஜுக்கு முன்னால் மூத்த தங்கையின் புருஷன் சதீஸ் நின்றான். இரண்டு வருடம் தூக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வேலைக்குப் போனவன், அதற்கப்புறம் திருவிழா என்றாலே லீவு கிடைக்கவில்லை என்பான். அதனால் போன வருடம் அந்த இடம் யோகராஜுக்கு வந்தது. யோகராஜ் ருவான்வெல்லை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறவன். உட்கார்ந்தே செய்கிற தொழில். இருந்தாலும் மாப்பிள்ளை முறுக்கில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தான்.

பாலத்தடி வளைவு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டான். வளைவில் முழங்கால் மடங்கியது. அம்மன் சாய்ந்தாள். சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் கழன்று, பாதையில் உருண்டு, நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்கு அடியில் போய் நின்றது. அம்மனுக்கு முதுகைக் காட்டக்கூடாதென்று முழுத் தூரமும் பின்னுக்கே நடந்து தப்படிக்கிற செல்லையாவின் கை, அந்த ஒரு நிமிடம் ஓய்ந்துபோனது. கூட்டம் ஓடிவந்து தாங்கிக்கொண்டது. நான் மட்டும் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் அம்மா ஆற்றில் இருந்திருப்பாள் என்று ஏழுமலை அன்று சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. பலசாலி என்றால் அப்படித்தான் என்று சனம் வியந்தது.

தோட்டத்தில் யாரையும் முகத்துக்கு நேரே திட்டமாட்டார்கள். பேர் வைத்துவிடுவார்கள். 'சாஞ்ச மாப்பிள்ளை' என்ற பேர் மூன்று நாளில் நிலைத்துவிட்டது. அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். ஏழு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பா, சாஞ்ச மாப்பிள்ளைன்னு சொல்றது ஒங்களையா?" என்று கேட்ட அன்றுதான் சோறு இறங்கவில்லை. இந்த வருடம் அந்த மகள்தான் சப்பரத்துக்கு முன்னால் விளக்கெடுத்து நடக்கப்போகிறாள். அவள் கண் முன்னால் அம்மன் இன்னொருமுறை சாய்ந்தால், அவன் தோட்டத்தில் குடியிருக்க வேண்டியதே இல்லை.

பஜாரில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில், பஜாருக்கே அண்ணனான நஸீம் நானாவின் ஜிம் இருந்தது. நஸீம் நானா அவனை மேலும் கீழும் பார்த்தார். யாரையாவது அடிக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல நானா. சாமி தூக்கணும்."

நஸீம் நானா தாடியைத் தடவிக்கொண்டார். இந்தக் கோரிக்கையோடு இதுவரை யாரும் படியேறி வந்ததில்லை. எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார்.

"அம்மனை யாருங்க தராசுல வைக்கிறது?" என்றான் யோகராஜ்.

பன்னிரண்டு வாரம் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பாரம் தூக்க வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டாயம் ஓய்வு, தினம் ஆறு முட்டை என்று நஸீம் நானா முடிவு கட்டினார். அந்த முதல் நாள் தூக்கியதன் பலனைத்தான் இப்போது சட்டை போட முடியாமல் அனுபவித்துக்கொண்டிருக்கிறான்.

ஆட்டோவை எடுப்பது அதைவிடப் பெரிய பாடாகிவிட்டது. அது பழைய வண்டி. குனிந்து கைலீவரை இழுத்தால்தான் எஞ்சின் முழிக்கும். மூன்று முறை குனிந்தான். குனிந்தது மட்டும்தான் நடந்தது. வழக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற லதீபா டீச்சர் ஏறி உட்கார்ந்து நேரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்து, ஒரே இழுவையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு ஹேண்டிலை வலப்பக்கம் திருப்ப முடிந்தது. இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. பள்ளிக்கூடமோ இடப்பக்கம். வலம், வலம், வலம் என்று சுற்றிக்கொண்டு போனான். பஸ் ஸ்டாண்டை மூன்றாவது தடவை பார்த்ததும் டீச்சர், இது புதுப் பாதையா தம்பி என்று பணிவாகக் கேட்டார்.

யோகராஜுக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. தூக்கினால் பலம் வரும், சரி. அப்படியானால் ஓய்வு நாளில் சும்மா இருப்பது எதற்கு? மூன்று நாள் தூக்கினால் ஒரு பங்கு பலம் என்றால், ஆறு நாள் தூக்கினால் இரண்டு பங்கு வரத்தானே வேண்டும்? ஓய்வு நாட்களில் ஷாமிளா வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு அம்மிக்கல்லைத் தூக்கத் தொடங்கினான். அம்மி நகர்ந்த இடத்தில் தரையில் தடம் விழுந்தது. ஷாமிளா அதைப் பார்த்துவிட்டு, எலி நகர்த்தியிருக்காது என்ற அளவில் யோசித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

நான்காவது வாரம் உடம்பு இரண்டு பங்கு பலமாகவில்லை, இரண்டு பங்கு களைத்தது. நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தான். ஒரு நாள் சாயங்காலம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி, மூக்கு நுனியில் பருப்புக் குழம்போடு எழுந்தான். மகள் சிரிசிரி என்று சிரித்தாள். ஷாமிளா சிரிக்கவில்லை. அவள் பயந்துபோனாள். மனுசனுக்கு ஏதோ வருத்தம், பெரிய நோய், சொல்லாமல் மறைக்கிறான் என்று நினைத்து அண்ணனிடம் போய் அழுதுவிட்டாள்.

ஏழுமலை கெட்டவர் இல்லை. தங்கச்சி கண்ணீரைப் பார்த்ததும் மாப்பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், பக்கத்துக் கிராமத்து வெதமாத்தயாவின் முன்னால் உட்காரவைத்தார். கைராசிக்காரர், முறிந்த எலும்பையெல்லாம் ஒட்டவைத்த நாட்டு வைத்தியர். அவர் யோகராஜின் தோளைப் பெருவிரலால் அமுக்க, யோகராஜ் அலற, நரம்பு ஏறியிருக்கிறது என்று தீர்ப்பாகிவிட்டது. தோளிலிருந்து முழங்கை வரை வலது கைக்குப் பச்சிலையை அரைத்து அப்பிக் கட்டுப்போட்டார். பத்து நாளைக்குத் தேயிலைக் கோப்பைக்கு மேல் பாரம் தூக்கக்கூடாது. பத்தியம் வேறு. முட்டை வாசமே கூடாது.

நஸீம் நானா ஆறு முட்டை என்கிறார், வெதமாத்தயா வாசமே கூடாது என்கிறார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. யோகராஜ் ஒரு வழி கண்டுபிடித்தான். ஜிம் படியில் கட்டை அவிழ்ப்பது, பாரம் தூக்குவது, இறங்கும்போது மறுபடி கட்டிக்கொள்வது. அவித்த முட்டையை ஆட்டோவில் பின்சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துத் தின்பது. பச்சிலை நாற்றம் தாங்காமல் ஜிம்மில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் நாள் வலக்கைக் கட்டை இடக்கையில் மாற்றிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அதே நாள் வண்டியைக் கழுவப்போன ஷாமிளா, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பை நிறைய உரித்த முட்டைக்கோதை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"யாருங்க ஒங்களுக்கு முட்டை அவிச்சுக் குடுக்குறது?" என்று கேட்டாள்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் யோகராஜுக்குப் பயத்தைக் கொடுத்தது. டீச்சர் மறந்து வைத்துவிட்டுப் போனது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஒரு டீச்சர் ஒரு பை முட்டைக்கோதை மறந்துவைத்துவிட்டுப் போவாரா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கோதை ரோசாச் செடிக்கு உரமாகப் போட்டுவிட்டு, இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். ஜிம் பாரத்தைவிட அந்த இரண்டு நாள் கனமாக இருந்தது.

எட்டாவது வாரம், முதல் வாரம் தூக்கிய பாரத்தைக்கூட யோகராஜால் தூக்க முடியவில்லை. நஸீம் நானா இரும்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஓய்வு நாளில் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். அம்மிக்கல் கதை வெளியே வந்தது. நஸீம் நானா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, பாரம் தூக்கக்குள்ள ஒடம்பு வளராது. அப்ப அது ஒடையிது. தூங்கக்குள்ளதான் வளரும். நீங்க ஒடைச்சிக்கிட்டே இருந்தா அது எப்பதான் கட்டுற?"

இது யோகராஜுக்குப் புதுச் செய்தி. தூங்கினால் பலம் வருமா? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அன்றிலிருந்து அம்மியை விட்டுவிட்டான். அதற்குப் பதில் கிடைத்த இடத்திலெல்லாம் தூங்கினான். ஹயர், சவாரி ஒன்றும் இல்லாத நேரம் பின்சீட்டில், பெட்ரோல் வரிசையில், மகளின் பள்ளிக்கூட வாசலில். உண்மையாகவே உடம்பு ஏறியது. லீவரை ஒற்றைக் கையால் இழுத்தான். இடப்பக்கமும் திரும்பினான். எல்லாம் கூடிவருகிற நேரத்தில் கோயிலில் காப்புக் கட்டினார்கள்.

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா வரை பத்து நாள் தோட்டத்தில் மச்சம் மாமிசம் கிடையாது, முட்டை கிடையாது, சாராயம் கிடையாது. சாமி தூக்குகிறவனுக்கு இந்த விரதம் இரட்டிப்பு. முட்டை போனால் என்ன, கடலை தின்னுங்கள் என்றார் நஸீம் நானா. அவித்த கடலையைக் கைநிறையத் தின்றான். வயிறு ஊதிக்கொண்டது. ஆட்டோவில் ஏறியவர்கள் இரண்டு பக்கத் திரையையும் தூக்கிவிடச் சொன்னார்கள். அதற்கு மருந்து வெள்ளைப்பூண்டு என்றார் நஸீம் நானா. பூண்டைப் பச்சையாக மென்றான். வயிறு அடங்கியது. வாய் கிளம்பிவிட்டது.

திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, கோயிலுக்கு வாழைமரம் ஏற்றப்போன ஏழுமலை, பாலத்தடியில் ஓர் ஆட்டோ நிற்பதைப் பார்த்தார். பட்டப்பகல். உள்ளே மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கால் வெளியே தொங்க, உலகம் மறந்து கிடந்தான். தட்டினார், எழவில்லை. உலுக்கினார், "இன்னும் ரெண்டு செட்டு பாக்கி" என்று உளறிவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஏழுமலைக்கு வேறு சந்தேகமே வரவில்லை. காப்புக் கட்டிய கையோடு குடித்திருக்கிறான்.

சாயங்காலமே கோயில் கமிட்டி கூடியது. தலைவர் கந்தையா முன்னால் யோகராஜை நிறுத்தினார்கள். சுற்றிலும் லயமே நின்றது. ஷாமிளா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தூணோரமாக நின்றாள். விரதத்தில் குடித்தவனுக்கு முன்கம்பு கிடையாது. இந்த வருடம் மட்டுமில்லை, எந்த வருடமும் கிடையாது. யோகராஜ் சத்தியமாகக் குடிக்கவில்லை என்றான். குடிக்காதவன் ஏன் பகலில் அப்படிக் கிடக்கிறான் என்று கேட்டார்கள்.

கந்தையா நியாயஸ்தர். எழுந்து கிட்டே வந்து, ஊதிக்காட்டச் சொன்னார். யோகராஜ் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இரண்டரை மாதம் வளர்த்த நெஞ்சு அது, முழு மனதோடு ஊதினான்.

கந்தையா கண்ணை மூடிக்கொண்டு இரண்டடி பின்னுக்குப் போனார். பின்னால் இருந்தவர் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்திருப்பார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னார்.

"இது சாராயம் இல்ல. வெள்ளப்பூண்டு. சாராயமே தேவலாம்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடங்கியதும் கந்தையா, அப்படியானால் உனக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டார். மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோகராஜ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், இரண்டரை மாதமாக ஜிம்முக்குப் போகிறேன் என்று. எதற்கு என்றார்கள். அம்மன் சாயக்கூடாது என்பதற்கு என்றான்.

அதற்குப் பிறகு வந்த சிரிப்புக்கு முன்னால் முதல் சிரிப்பு ஒன்றுமேயில்லை. ஏழுமலைதான் அதிகமாகச் சிரித்தார். கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனதோடு எழுந்து நின்று, பாவம் பிள்ளை ஆசைப்படுகிறான், என் பக்கத்திலேயே நிற்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கமிட்டி ஒத்துக்கொண்டது. ஒரு மூலையில் தப்புக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த செல்லையாவும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் கேட்டால்தான் பேசுகிற ஆள். யாரும் அவரைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷாமிளா முதலில் சண்டை பிடித்தாள். ஊருக்கே தெரிந்த பிறகுதானா பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டும் என்றாள். முட்டை அவித்துக் கொடுத்தது நஸீம் நானாவைப் பெற்ற உம்மா என்பது தெரிந்ததும் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி, அவன் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டியதும் இறங்கியது. அவள் அதை விரலால் அழுத்திப் பார்த்தாள், நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினாள்.

"நா பதிமூணு வருசமா ரெண்டு வாளி பாலையும் மேட்டுல தூக்கிட்டு வாறேன். ஒங்க நானாகிட்ட போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? களைச்சு விழுந்த பொறகு நிக்கக் கூடாதுங்க. களைப்பு வாறதுக்கு முன்னாடி நின்னு மூச்சு விடணும். பொறகு எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம்."

கடைசி ஒரு வாரம் தூக்காமல் இருக்க வேண்டும், நல்ல ஓய்வு வேண்டும் என்று நஸீம் நானா சொல்லியிருந்தார். யோகராஜுக்கு அது முடியாத காரியமாக இருந்தது. சும்மா இருந்தால் வளர்ந்ததெல்லாம் இறங்கிவிடுமோ என்று பயம். அம்மியைப் பார்த்தால் கை துருதுருத்தது. ஷாமிளா அம்மியைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டாள். தண்ணீர்க் குடத்தைத் தொடப்போனான். அதை மகள் தொடவிடவில்லை. "அப்பா, நீங்க இப்ப வளந்துகிட்டு இருக்கீங்க, ஆடாதீங்க" என்று காவலுக்கு உட்கார்ந்தாள். ஒரு வாரம் ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே அவன் களைத்துப்போனான்.

திருவிழா அன்று பகல் மழை விட்டு வெயில் அடித்தது. ரப்பர் மரமெல்லாம் கழுவி வைத்த மாதிரி மின்னியது. அம்மன் சிவப்புப் பட்டில், கழுத்து மறைய மாலையோடு சப்பரத்தில் ஏறினாள். மகள் விளக்கோடு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால், அம்மனைப் பார்த்தபடி செல்லையா. ஆண்கள் மேலுடம்பில் சட்டை இல்லாமல், துண்டு கட்டி நின்றார்கள். "பயப்படாதீங்க மாப்புள, நா இருக்கேன்" என்று ஏழுமலை சொன்னார். அரோகரா என்ற சத்தத்தோடு கம்பு தோளில் ஏறியது.

கனம் அப்படியேதான் இருந்தது. போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே. இத்தனை முட்டையும் கடலையும் எங்கே போயிற்று? ஆனால் கால் நின்றது. முதுகு நின்றது. முதல் லயத்தில் பூசைக்கு நிறுத்தியபோது, களைப்பு வருவதற்கு முன்பே ஷாமிளா சொன்ன மாதிரி மூச்சை வெளியே விட்டான். இரண்டாவது லயத்திலும் விட்டான். ஊரே அம்மன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் மகளின் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தான்.

பாலத்தடி வளைவு வந்தது. கூட்டம் தானாகவே இரண்டு பக்கமும் நெருங்கிக் கையை நீட்டியபடி வந்தது, விழுந்தால் பிடிக்கத்தான். அதைப் பார்த்ததும் யோகராஜுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. நஸீம் நானா சொல்லிக்கொடுத்த மாதிரி குதிகாலை ஊன்றி, முழங்காலை நிமிர்த்தி, முதுகை நேராக்கி, கம்பை இன்னும் நான்கு விரல் உயர்த்தினான். யாரோ கூட ஏறி உட்கார்ந்த மாதிரி கனம் சட்டென்று கூடியது. பக்கத்தில் எப்போதும் அரோகரா போட்டுக்கொண்டு வருகிற ஏழுமலையின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கொஞ்சம் எறக்குங்க மாப்புள," என்று காதோரமாக முனகினார். "கொஞ்சூண்டு."

மச்சான் சோதித்துப் பார்க்கிறார் என்று யோகராஜ் நினைத்தான். இறக்குவதா, இதற்கா பன்னிரண்டு வாரம்? இன்னும் இரண்டு விரல் உயர்த்தினான். அம்மன் வளைவில் ஊஞ்சல் ஆடாமல், சூலத்து எலுமிச்சம்பழம் அசையாமல் திரும்பினாள். செல்லையாவின் தப்பு ஒரு அடிகூடப் பிசகவில்லை; அவர் கண்கள் மட்டும் ஏழுமலையின் பக்கம் கீழே போய், அகலமாகி, மேலே வந்தன. கூட்டம் நீட்டிய கையை எடுத்து அப்படியே தலைக்கு மேல் கூப்பியது.

ஆற்றங்கரைக்குப் போய், திரும்பி, பொழுது சாய்வதற்கு முன் அம்மன் கோயிலுக்குள் இறங்கினாள். கந்தையா தன் கையால் யோகராஜின் தலையில் பட்டுத் துண்டைக் கட்டினார். மகள் விளக்கை வைத்துவிட்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எங்கப்பா சாயவே இல்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஷாமிளா பக்கத்தில் வந்து நின்று முந்தானையால் அவன் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். இதற்காக இன்னும் நூறு வாரம் தூக்கலாம் என்று யோகராஜுக்குத் தோன்றியது.

ஏழுமலை மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடத்தில் அவர் திருவிழா முடிந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். வலது கை உள்ளே போயிருந்தது. இடது கை மேலே ஏறமாட்டேன் என்று தொங்கியது.

யோகராஜுக்குப் பாவமாகிவிட்டது. வயசாகிறது மச்சானுக்கு, இருந்தும் தூக்கியிருக்கிறார் என்று நினைத்து, குனிந்து, அந்தக் கையை மெல்லப் பிடித்துச் சட்டைக்குள் விட்டு, பொத்தானையும் போட்டுவிட்டான். நான் பக்கத்தில் இருந்ததால்தான் சமாளித்தீர்கள் என்று ஏழுமலை பலவீனமாகச் சொன்னார். ஆமாம் மச்சான் என்று யோகராஜ் மனதார ஒத்துக்கொண்டான்.

அந்தச் சந்தோசத்தோடு ஒரு சோடாவை உடைத்துக்கொண்டு போய், தப்பை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்த செல்லையாவிடம் நீட்டினான். அவர் வாங்கி ஒரு மிடறு குடித்தார். யோகராஜுக்கு இன்னும் ஒரு வாயிலிருந்து கேட்க வேண்டும் போல் இருந்தது. முழுத் தூரமும் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தானே.

"செல்லையாண்ணே, போன வருசம் மாதிரி இல்லைல? இந்த வருசம் நா ஒழுங்காத் தூக்குனேன்தானே?"

செல்லையா சோடாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"என்னா மாப்புள இப்பிடிக் கேக்குறீங்க, போன வருசமும் முன்கம்பை நீங்க ஒத்த ஆளாத்தானே தூக்குனீங்க, ஏழுமலை எந்த வருசமும் கம்பைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தான் வருவாரு, என்னா, இந்த வருசம் அவரு காலு ரெண்டும் தரையில படல."